வலைக்கு வரக்கூடாத மீன்கள்: அழிநிலை மீன்கள் சிக்குவதைக் குறைக்கப் படகுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வலையை இறக்கிவிட்டால் என்ன ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏறக்கூடாத மீன் ஏறுவதைப் பெருமளவு குறைக்க முடியும். அந்த வேலையில் பெரும்பகுதி படகு கிளம்புவதற்கு முன்பே, கரையில் நடக்க வேண்டியது. எந்த வலை, எந்த அளவுக் கண்ணி (வலையின் துளை), எந்த இடம், எவ்வளவு நேரம் என்ற நான்கையும் கரையிலேயே முடிவு செய்துவிடலாம். மேல்தட்டில் உழுவை (கித்தார் வடிவில் இருக்கும் திருக்கை இன மீன்) துடித்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் மிகவும் தாமதம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விசைப்படகு, நாட்டுப்படகு, ஆழ்கடல் தூண்டில் என்று மூன்று பேருக்கும் வேறு வேறு வேலை இருக்கிறது. உங்கள் தொழிலுக்கான பகுதியை ஊன்றிப் படியுங்கள். ‘சிக்கிவிட்டால்’ என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும்.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. மீன்கள் அதன் முதல் அட்டவணைக்குள், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள உயிர்களின் பட்டியலுக்குள், வந்தது 2001ல்தான். அந்த ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கை வகைகளையும் மொத்தமாகச் சேர்த்தார்கள். மீனவர்கள் எதிர்த்ததால் டிசம்பரில் அந்தப் பட்டியல் பத்து வகையாகக் குறைந்தது. திமிங்கிலச் சுறா, ரம்பம் போன்ற கொம்புள்ள வேளா, ஒரு வகை உழுவை, முதுகெல்லாம் முள் நிறைந்த திருக்கை, கங்கைச் சுறா, புதுச்சேரியின் பெயரையே தாங்கிய புதுச்சேரிச் சுறா ஆகியவை அதில் உண்டு. இந்தக் கடைசிச் சுறாவை 1979க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்த்ததாகப் பதிவில்லை. கடல் குதிரை, கடல் அட்டை, ஆளுயரம் வளரும் பெரிய களவா ஆகியவையும் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2022ல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி அடுக்கப்பட்டன. அதனால் பழைய சுவரொட்டியை நம்பாமல், மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதைய பட்டியலைப் படத்தோடு கேட்டு வாங்கிப் படகில் ஒட்டுங்கள்.

இவற்றில் வேளாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சங்க காலப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டார்கள். அது வேளாவின் கொம்புதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த அளவுக்கு நம் கரையோடு ஒட்டி வாழ்ந்த மீன் இன்று கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. அதன் பலமான கொம்புதான் அதற்கு எமன். இருபுறமும் பல் வரிசை உள்ள அந்தக் கொம்பு எந்த வலையில் உரசினாலும் மாட்டிக்கொள்ளும், திமிறத் திமிற இன்னும் சுற்றிக்கொள்ளும்.

உழுவையின் கதை வேறு. அது முட்டையிடாமல் குட்டி போடும் மீன். ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான். சினை உழுவை வலையில் அழுத்தப்படும்போது, காலம் வராத குட்டிகளை மேல்தட்டிலேயே ஈன்றுவிடும். பிடிபட்டது ஒன்று என்று எண்ணினாலும் போவது ஒரு தலைமுறை. நெத்திலி, சாளை போல அடுத்த ஆண்டே திரும்பிவிடும் கூட்டம் இல்லை இது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அட்டவணை உயிரைப் பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தானாக வந்து சிக்கியது என்று சொல்லிக் கரைக்குக் கொண்டு வந்து ஏலத்தில் வைத்தால் அந்தக் காரணம் செல்லாது.

2. இடமும் நேரமும்: எந்தக் கருவியையும் விடப் பெரிய பாதுகாப்பு

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ல் வந்தது. அதன் விதிகள் 2020ல் திருத்தப்பட்டன. இப்போது விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக்கும் மாநிலத்தில் தடைதான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், பகல் நேரத்தில் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

இந்த 5 மைல் கணக்கை நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் இடையிலான சண்டையைத் தீர்க்கும் விதி என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். மீனின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. உழுவை, வேளா, பல திருக்கைகள் குட்டி போட வருவது கரையோர ஆழமில்லாத தண்ணீருக்குத்தான். அந்தப் பட்டையில் இழுவை மடி ஓடாவிட்டால் குட்டிகளில் ஒரு பகுதியாவது தப்பும்.

கடல் குதிரைக்கு இதுதான் ஒரே வழி. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் தாழை (கடற்புல்) படுகைகளில் வாலால் தாழையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும் மீன் அது. வலை வந்தால் ஓடாது, பிடியை இறுக்கிக்கொள்ளும். அதனால் தாழையோடு சேர்ந்து மடிக்குள் வந்து சங்காயத்தோடு (கழிவு மீனோடு) கிடக்கும். 2001லிருந்து தடை இருந்தும் கடல் குதிரை வலையில் வருவது நிற்கவில்லை, ஏனென்றால் தடை பிடித்து வைப்பதையும் விற்பதையும்தான் தடுக்கிறது, வலையை இல்லை. எந்தக் கண்ணியும் எந்தக் கம்பிச் சட்டமும் கடல் குதிரையைக் காப்பாற்றாது. தாழைமேல் இழுக்காமல் இருப்பது ஒன்றுதான் காப்பாற்றும்.

செய்ய வேண்டியது இது:

- ஜிபிஎஸ் கருவியில் தாழைப் படுகைகளையும் பார்களையும் (கடலடிப் பாறை மேடுகளையும்) குறித்து வையுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இடங்கள் அத்துப்படி. கூடவே உட்காரவைத்துப் புள்ளி வையுங்கள்.
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளின் எல்லையையும் குறியுங்கள். உள்ளே நுழைவதே குற்றம்.
- மடியைத் தூக்கும்போது தாழை நிறைய வந்தால் அந்த இடத்தில் அடுத்த இழுவை வேண்டாம், ஆழம் பார்த்து நகருங்கள்.
- ஒரே இடத்தில் உழுவைக் குட்டிகள் தொடர்ந்து வந்தால் அது குட்டி போடும் இடம். அந்தப் பருவம் முடியும்வரை விட்டுவிடுங்கள், பக்கத்துப் படகுக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள்.

3. இழுவை மடி

*கண்ணி அளவு.* மடியின் கடைசிப் பையில் 40 மி.மீ.க்குக் குறையாத கண்ணி வேண்டும் என்பது விதி. இதை எப்படி அளப்பது என்பதில்தான் குழப்பம். பையை நனைத்து, நீளவாக்கில் இழுத்துப் பிடியுங்கள். எதிரெதிர் முடிச்சுகளின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளவெடுங்கள். ஒரே கண்ணியை அளந்து திருப்திப்படாமல், அடுத்தடுத்து பத்துக் கண்ணிகளை அளந்து சராசரி பாருங்கள். தண்ணீரில் ஊறி, சுமை தாங்கி, பழைய வலை சுருங்கும். வாங்கும்போது சரியாக இருந்த பை ஒரு பருவத்துக்குப் பிறகு அளவு குறைந்திருக்கலாம். பைக்குள்ளே இன்னொரு பொடிக்கண்ணி வலையை அடுக்காகப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டபின் வெளியே 40 இருந்து ஒரு பயனும் இல்லை.

*சதுரக் கண்ணி.* சாதாரண டைமண்ட் கண்ணி, பை நிறைந்து பாரம் ஏறியதும் நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். அளவு 40 என்றாலும் குஞ்சு வெளியேற வழி இருக்காது. கண்ணியைத் திருப்பிச் சதுரமாகக் கோத்தால் இழுக்கும்போதும் திறந்தே நிற்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக இதைத்தான் பரிந்துரைக்கிறது. முடிச்சு வலையைச் சதுரமாகத் திருப்பினால் முடிச்சு நழுவிக் கண்ணி கோணும். முடிச்சில்லாத வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். முன்பகுதியின் டைமண்ட் வலையோடு சதுரப் பையைக் கோக்கும்போது கணக்குத் தவறினால் மடி முறுக்கிக்கொள்ளும், ஆகவே பழகிய வலைக்காரரிடம் கொடுப்பது நல்லது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 40 மி.மீ. சதுரக் கண்ணி மீன்குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் வரம். உழுவைக் குட்டிக்கும் திருக்கைக் குட்டிக்கும் அது போதாது, அவை பிறக்கும்போதே அதைவிட அகலம். கண்ணியை மாற்றியதோடு அழிநிலை மீனைக் காப்பாற்றியாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய உடம்புள்ளவை தப்ப வேறு கருவி வேண்டும்.

*ஆமை விலக்கிச் சட்டம்.* அந்தக் கருவி ஆமைக்கென்றே பெயர் பெற்றுவிட்டது. பைக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. இறாலும் சிறு மீனும் கம்பிகளின் இடைவெளி வழியாகப் பைக்குப் போகும். பெரியது எதுவும் கம்பியில் மோதி, சாய்வில் சறுக்கி, திறப்பு வழியாக வெளியே போய்விடும். இதன் தொடக்கம், அமெரிக்காவின் ஜார்ஜியா இறால் மீனவர்கள் மடியில் சொறி (ஜெல்லி மீன்) வந்து நிறையாமல் இருக்கத் தாங்களே செய்துகொண்ட கம்பிச் சட்டம். ஆகவே இதை அதிகாரிகள் மீனவர் தலையில் கட்டிய சுமை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடியில் 2000ல் இதைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில் 1 மீட்டருக்கு மேற்பட்ட சுறாக்கள் சிக்குவது 86 சதவீதமும், அதே அளவுத் திருக்கைகள் சிக்குவது 94 சதவீதமும் குறைந்திருந்தன. வேளாவில் ஒரு வகை 73 சதவீதம் குறைந்தது. வேளாவுக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கொம்புதான். சட்டத்தை அடையும் முன்பே முன்வலையில் மாட்டிக்கொள்கிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- சாய்வு 45 பாகை அளவில் இருக்கட்டும். அமெரிக்க விதி 30 முதல் 55 பாகை வரை ஏற்கிறது. நிமிர்ந்து நின்றால் குப்பை அடைக்கும். படுத்துவிட்டால் இறாலும் சேர்ந்து வெளியே போகும். ‘இதைப் போட்டால் மீன் போய்விடுகிறது’ என்ற புகார் வந்தால் முதலில் சாய்வைத்தான் பார்க்க வேண்டும்.
- அமெரிக்க விதியில் கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.
- சட்டத்தின் இருபுறமும் மிதவை கட்டுங்கள், இல்லாவிட்டால் பை புரளும்.
- திறப்பை மூடும் மடல் தளர்வாக விழ வேண்டும். அதைத் தைத்துவிட்டால் சட்டம் வெறும் எடைதான்.
- கல்லும் பஞ்சுப்பாசியும் நிறைய வரும் தரையில் திறப்பைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

2019ல் அமெரிக்கா இந்தியக் கடல் இறால் வாங்குவதை நிறுத்தியது, காரணம் இந்தக் கம்பிச் சட்டம் நம் படகுகளில் இல்லாததுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆமைக்காகப் போடும் ஒரே கம்பிச் சட்டம் உழுவையையும் திருக்கையையும் சேர்த்துக் காக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

*இழுக்கும் நேரம்.* மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து இழுத்தால் உள்ளே போன எதுவும் உயிரோடு வராது. ஒன்று, ஒன்றரை மணிக்கொருமுறை தூக்குங்கள். டீசல் கணக்கு சற்று இடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நசுங்காத மீனுக்கு ஏலத்தில் விலை கூடும், அதில் ஒரு பகுதி ஈடாகும்.

4. செவுள் வலையும் திருக்கை வலையும்

நாட்டுப்படகுக்காரர்கள் தங்களுக்கு இதில் வேலையில்லை என்று நினைக்கக் கூடாது. தரையோடு போடும் பெரிய கண்ணித் திருக்கை வலையில் உழுவை நன்றாகவே மாட்டும்.

முதல் வேலை, ஊறவிடும் நேரத்தைக் குறைப்பது. உழுவையும் தரைத் திருக்கையும் நீந்தாமலே மூச்சுவிடும், கண்ணுக்குப் பின்னாலிருக்கும் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பும். அதனால் வலையில் மாட்டினாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) அப்படியில்லை, சீக்கிரமே செத்துவிடும். மாலையில் போட்ட வலையை விடியலில் எடுத்தால் உழுவையை உயிரோடு விட வாய்ப்பிருக்கிறது. இரண்டு நாள் விட்டுவிட்டு எடுத்தால் இல்லை.

இரண்டாவது, வலையின் தளர்ச்சி. தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் வலையில்தான் கொம்பும் முள்ளும் சுருட்டிக்கொள்ளும். மேல்கயிற்றில் கட்டும்போது வலையைச் சற்று விறைப்பாகக் கட்டுங்கள், உயரத்தையும் குறைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடலில் அழிநிலையிலுள்ள ஸ்டர்ஜன் மீனைக் காக்க உயரம் குறைந்த செவுள் வலையைச் சோதித்து, பிறகு விதியாகவே கொண்டுவந்தார்கள்.

சூரைக்காக மேல்மட்டத்தில் போடும் வலையை நீர்ப்பரப்பிலிருந்து 2 மீட்டர் கீழே இறக்கச் சொல்கிறது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். மிதவைக் கயிற்றை நீட்டினாலே போதும், செலவு குறைவு. மேலே மிதந்து வருபவை வலைக்கு மேலாகக் கடந்துபோகும்.

விளக்கு பற்றியும் கேட்பார்கள். மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாவில் செவுள் வலையில் பச்சை எல்இடி விளக்குகளைக் கட்டிப் பார்த்தபோது சுறாவும் திருக்கையும் சிக்குவது 95 சதவீதம் குறைந்தது, வேண்டிய மீன் குறையவில்லை என்று 2022ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் இந்தியாவில் வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டிப் பிடிக்க 2017லிருந்து தடை இருக்கிறது. நோக்கம் வேறு என்றாலும் கடலில் சோதனைக்கு வருபவர் படகில் விளக்கைத்தான் பார்ப்பார். மீன்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

5. ஆழ்கடல் தூண்டில்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள். சூரைக்குத் தூண்டில் போடுபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது கொக்கிக்கு மேலே கட்டும் எஃகுக் கம்பி. அந்த இடத்தில் நைலான் போட்டால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். பசிபிக்கின் மேற்கு, மத்தியப் பகுதியில் வெப்பமண்டலக் கடலில் 2024லிருந்து எஃகுக் கம்பிக்கே தடை.

வட்டக் கொக்கியைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை வேண்டாம். ஜே வடிவக் கொக்கியைப் போல வயிற்றுக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுவதால் விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் சில இடங்களில் வட்டக் கொக்கியில் சுறா கூடுதலாகவே மாட்டியிருக்கிறது. அதனால் நைலானையும் வட்டக் கொக்கியையும் சேர்த்தே போடுங்கள்.

சூரை ஆணையத்தின் விதிப்படி நீளவால் சுறா, வெண்முனைப் பெருங்கடல் சுறா போன்றவற்றைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை வீச 2013லிருந்து தடை. துடுப்பு ஏற்றுமதிக்கு 2015லிருந்து தடை.

6. சிக்கிவிட்டால்

படகில் இவை இருக்க வேண்டும்: நீளக் கம்பில் கட்டிய வளைகத்தி, கொக்கி எடுக்கும் இடுக்கி, இரண்டு பேர் பிடிக்கும் அளவுக்கு ஒரு தார்ப்பாய் அல்லது வலைத்துண்டு, கடல்நீர் ஹோஸ்.

பொதுவாகச் செய்யக்கூடாதவை: கொக்கிக்கம்பால் குத்தித் தூக்குவது, வாலைப் பிடித்துத் தொங்கவிடுவது, செவுளுக்குள்ளும் கண்ணுக்குப் பின் துளைக்குள்ளும் விரலைவிட்டு இழுப்பது. வாலில் தூக்கினால் உடம்பின் எடை முழுதும் முதுகெலும்பில் இறங்கும், உள்ளுறுப்பு கிழியும்.

உழுவை: தார்ப்பாயை அடியில் விட்டு இரண்டு பேர் தாங்கித் தூக்குங்கள். உடனே விட முடியாவிட்டால் நிழலில் வைத்து, கண் பின்னாலுள்ள துளைகளில் மெதுவாகத் தண்ணீர் ஓடவிடுங்கள். தலை முன்னால் போகும்படி நீரில் இறக்குங்கள்.

வேளா: மேலே ஏற்றாதீர்கள். அது கொம்பைப் பக்கவாட்டில் வீசினால் ஆளுக்கு ஆபத்து. படகின் ஓரத்தில் தண்ணீரிலேயே வைத்து, கொம்பின் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் வலையை அறுத்துக்கொண்டே போங்கள். பல்லில் சிக்கிய இழைகளை நீளக் கத்தியால் எடுங்கள். கொம்பை வெட்டிவிட்டு மீனை விடுவது கொல்வதற்குச் சமம். அது இரை தேடுவதே கொம்பால்தான்.

கொம்புத் திருக்கை: தலைமுன் நீட்டியிருக்கும் இரண்டு மடல்களைப் பிடித்து இழுக்காதீர்கள். தூண்டிலில் மாட்டியிருந்தால் கயிற்றைக் கொக்கிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அறுங்கள், நீளக் கயிறு உடம்பில் சுற்றினால் பிழைக்காது.

திமிங்கிலச் சுறா: வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. வலையை அறுத்து வழிவிடுவதுதான் வழி. ‘ஆயிரக்கணக்கில் போட்ட வலையை யார் அறுப்பார்’ என்ற கேள்வி நியாயமானது. குஜராத்தில் அதற்கு விடை கண்டார்கள். ஒருகாலத்தில் ஈட்டியெறிந்து திமிங்கிலச் சுறாவைக் கொன்ற கடற்கரை அது. 2004லிருந்து நடந்த பிரச்சாரத்தில் அதை ‘வாலி’, அதாவது வீட்டுக்கு வரும் செல்ல மகள், என்று சொல்லிப் பழக்கினார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை நட்ட ஈடு தந்தது. மீனவர்களே கேமராவில் படமெடுத்துச் சான்று காட்டினார்கள். பல நூறு சுறாக்கள் வலையறுத்து விடுவிக்கப்பட்டன. மகாராஷ்டிராவும் 2018ல் அறுத்த வலைக்கு ஈடு தரும் திட்டத்தைத் தொடங்கியது.

7. பதிவு

விட்ட மீனை ஒருமுறை தலைமுதல் வால்வரை செல்போனில் படமெடுங்கள். விடும் நேரத்தை வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. தேதி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, ஆழம், எந்த வலை, எவ்வளவு நேரம் ஊறியது, உயிரோடு போனதா என்ற ஏழு விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி அதுதான். மண்டபம், தூத்துக்குடி, சென்னை ஆகிய இடங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் இருக்கின்றன. வேளாவோ பெரிய உழுவையோ வந்தால் படத்தோடு அங்கே சொல்லுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு தகவலும் பெரிது.

தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது அந்த நோட்டை எடுத்து, சங்கத்தில் நாலு படகுக்காரர்கள் சேர்ந்து உட்காருங்கள். புள்ளிகளை ஒரே வரைபடத்தில் குறித்தால், எந்தத் தரையில், எந்த மாதத்தில், எந்த வலையில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அந்த இடத்தை எல்லாப் படகும் தவிர்ப்பதா, வலையை மாற்றுவதா என்பதை அங்கேயே பேசி முடிவெடுங்கள். அறுத்த வலைக்கு நட்ட ஈடு கேட்டு அரசிடம் மனு கொடுப்பதென்றாலும் அந்த நோட்டையும் படங்களையும்தான் இணைக்க வேண்டும்.